நரிக்குறவர் பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுவும்: வழி கேட்கிறேன்

கேள்வி (இடைநிலை ஆசிரியை, மண்டபம் ஒன்றியம்)

அனைவருக்கும் வணக்கம். கடற்கரையை ஒட்டிய ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் பணிபுரிகிறேன். மீனவர் வீட்டுப் பிள்ளைகளோடு, அருகிலுள்ள குடியிருப்பிலிருந்து நரிக்குறவர் சமூகப் பிள்ளைகளும் எங்களிடம் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது குஜராத்தியோடு உறவுடைய வாக்ரிபோலி என்பதால், முதல் வகுப்பில் சேரும் குழந்தைக்குப் பாடநூல் தமிழ் அரைகுறையாகவே பிடிபடுகிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இராமேசுவரம், சந்தனக்கூட்டுக்கு ஏர்வாடி, ஆருத்ரா தரிசனத்துக்கு உத்திரகோசமங்கை என்று பாசிமணி விற்கக் குடும்பமே புறப்படும்போது பிள்ளைகளும் உடன் போய்விடுகிறார்கள்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவில், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும் என்கிறது. எங்கள் குழுவிலும் அச்சமூகத்துத் தாய் ஒருவர் உறுப்பினராக இருக்கிறார். ஆனால் அவர் கூட்டத்துக்கு வருவதே அரிது. வந்தாலும் வாய் திறப்பதில்லை. பட்டியலில் பெயர் இருப்பதோடு நின்றுவிடாமல், இப்பெற்றோரைப் பள்ளியின் முடிவுகளில் பங்கேற்கச் செய்வது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கீழக்கரை)

அம்மா, அவர்கள் பள்ளிக்கு வருவதற்கு முன்னால் பள்ளி அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அதுவும் வருகைப்பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "பிள்ளை ஏன் வரவில்லை?" என்று விசாரிப்பதற்காக அன்று, அவர்களிடம் கற்றுக்கொள்வதற்காக. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில், மெக்சிகோ வழிவந்த குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களே ஆய்வாளர்களைப் போலச் சென்று, அங்கிருந்த வேளாண்மை, கட்டடவேலை, மருத்துவம், வணிகம் சார்ந்த அறிவைக் குறித்துவந்து அதிலிருந்து பாடங்களை அமைத்தார்கள். லூயிஸ் மோல் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1992-இல் வெளியிட்ட கட்டுரை இம்முயற்சியைப் பரவலாக அறியச் செய்தது.

நம் ஊருக்கு இது அந்நியமானதன்று. அக்கினி தீர்த்தக் கரையில் அமர்ந்து மாலை கோக்கும் ஒரு சிறுமியைக் கவனித்துப் பாருங்கள். கம்பியைக் குறட்டால் வளைத்தபடியே, எத்தனை சிவப்புப் பாசிக்குப் பின் ஒரு கறுப்புப் பாசி என்ற ஒழுங்கு தவறாமல் கோத்துக்கொண்டு, பேரம் பேசும் யாத்திரிகரிடம் மூன்று மாலைக்கு என்ன விலை, ஐந்துக்கு எவ்வளவு குறைக்கலாம் என்று மனக்கணக்காகவே சொல்வாள். அதே சிறுமி வகுப்பில் வாய்பாடு தெரியாதவள் என்று பெயர் வாங்குகிறாள். நான் பணியாற்றிய பள்ளியில் ஒரு தாயை அழைத்து மூன்றாம் வகுப்பில் பாசி கோக்கச் செய்து, அதை வைத்தே பெருக்கல் நடத்தினோம். கூட்டத்துக்கு அழைத்தபோது தயங்கிய அந்த அம்மையார், கற்பிக்க அழைத்தபோது மறுக்கவில்லை.

திருவிழாப் பயணத்தைப் பொறுத்தவரை, சூன் மாதத்திலேயே பெற்றோருடன் அமர்ந்து, எந்த மாதம் எந்த ஊர் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு ஒரு நாட்காட்டி எழுதிவிடுங்கள். புறப்படும் வாரத்துக்கு முன்பாகவே பயிற்சித்தாள்களைத் தயாரித்துக் கொடுத்துவிட முடியும். பயணம் நீண்டு வேறு ஊரிலேயே தங்க நேர்ந்தால், அங்குள்ள பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம்; மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு கூறுகிறது. இது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுமொழி 2 (நரிக்குறவர் சமூகப் பட்டதாரி, இராமநாதபுரம் மாவட்டம்)

ஆசிரியை அவர்களுக்கும் ஐயா அவர்களுக்கும் வணக்கம். எங்கள் தாய்மார்கள் ஏன் வருவதில்லை என்பதை உள்ளிருந்து சொல்கிறேன்.

கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. சனி, ஞாயிறுகளில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவியும் என்பதால், சரக்கைக் கட்டிக்கொண்டு இராமேசுவரத்துக்குக் கிளம்பும் நேரம் அதுதான். வார வருமானத்தை விட்டுவிட்டு வந்தால், பின்வரிசையில் உட்கார வைத்து, ஏற்கெனவே எழுதிய தீர்மானத்தில் கைநாட்டு வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். நான் படித்த பள்ளியில் என் தாயாரை அப்படித்தான் நடத்தினார்கள். மறுமுறை அவர் ஏன் போக வேண்டும்?

இன்னொன்றையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். தாய்க்குத் தமிழ் சரளமாக வராவிட்டால், அவருடைய மகளையே நிறுத்தி மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தன்னைப் பற்றிய புகாரைத் தானே தன் தாயிடம் எடுத்துச் சொல்லும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. குடியிருப்பில் பத்தாம் வகுப்பு வரை படித்த இளைஞர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். எங்களில் எந்த முடிவும் பெரியவர்கள் கூடிப் பேசிய பிறகே எடுக்கப்படும். ஆகவே கூட்டத்தில் வைக்கவுள்ள பொருளை முந்தைய மாலையே குடியிருப்பில் பேசிவிட்டால், எங்கள் உறுப்பினர் தன் கருத்தாக மட்டுமன்றி எல்லாருடைய கருத்தாகவும் துணிந்து பேசுவார்.

சாதிச் சான்றிதழையும் மறக்க வேண்டாம். 2023 சனவரியில் சட்டமான திருத்தத்தின்படி நாங்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டோம். ஆயினும் விண்ணப்பத்தை நிரப்பிக் கோட்டாட்சியர் அலுவலகம் வரை கொண்டுசெல்வதற்குள் பல பெற்றோர் சோர்ந்துவிடுகிறார்கள். ஓர் ஆசிரியர் உடன் நின்று அந்தத் தாளை நிரப்பிக் கொடுத்தால், அந்தப் பள்ளியை அக்குடும்பம் தன்னுடையதாகவே கருதும்.

மறுமொழி 3 (மீனவர் குடும்பத் தாய், குழு உறுப்பினர், தங்கச்சிமடம்)

பள்ளிக்கும் அவர்களுக்கும் இடையில் மட்டும் இடைவெளி இருப்பதாக எண்ணாதீர்கள். மற்றப் பெற்றோராகிய எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் இருப்பதே பெரியது. தம் பிள்ளையை அவர்கள் பிள்ளையின் அருகில் உட்கார வைக்காதீர்கள் என்று ஆசிரியரிடம் சொல்பவர்கள் இருக்கும்வரை, எந்தத் தாய் அந்தக் கூட்டத்தில் மனம்விட்டுப் பேசுவார்? இதை ஆசிரியர் கண்டிப்பதைவிடச் சக பெற்றோர் கண்டிப்பதே பலன் தரும். காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் சுயஉதவிக் குழுப் பெண்களோடு அச்சமூகத்துத் தாய் ஒருவரையும் சேர்க்க முடியுமா என்று எங்கள் குழுவில் கேட்டிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் அவர் கையால் சாப்பிடத் தொடங்கினால் பல பேச்சுகள் தாமாகவே அடங்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்தைத் திங்கட்கிழமை மாலைக்கு மாற்றவும், முந்தைய மாலை குடியிருப்பில் பேசவும் தலைமையாசிரியரிடம் கேட்கப் போகிறேன். திருவிழா நாட்காட்டியைத் தீர்மானப் பதிவேட்டிலேயே எழுதிவிட எண்ணுகிறேன். பயிற்சித்தாள்களை வாக்ரிபோலி தெரிந்த இளைஞர் ஒருவர் துணையோடு எவரேனும் தயாரித்திருந்தால், மாதிரியைப் பகிர வேண்டுகிறேன்.