‘பேச்சியம்மாள் வகையறா’ வாட்ஸ்அப் குரூப்: தேனு சடங்கு

பாண்டியம்மாள்: எல்லோருக்கும் ஒரு நல்ல சேதி. நம்ம தேனு நேற்று மதியம் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான். டீச்சர் போன் செய்து கூப்பிட்டார்கள். ஆவணிக்குள் சடங்கை முடிக்க வேண்டும். தாய்மாமன் வந்து நாள் சொல்லணும்.

சோலை: சந்தோஷம் அக்கா. ஓலைக்கு ஆள் சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் குச்சு கட்டிவிடலாம்.

தவமணி: இனிய காலை வணக்கம். வெறும் வயிற்றில் சீரகத் தண்ணீர் குடித்தால் 21 நன்மைகள்.

முத்து: பெரியப்பா, மேலே பாருங்கள்.

தவமணி: இப்போதுதான் பார்த்தேன். வாழ்க வளமுடன்.

செல்லத்தாயி: மாமன் சீர் எத்தனை தட்டு? கார்த்தி காதுகுத்துக்கு 51 என்று சொல்லி 40தான் வந்தது.

சோலை: எண்ணியது யார்?

செல்லத்தாயி: நான்தான் அண்ணே.

சோலை: அதனால்தான்.

ராஜேஸ்வரி: பாண்டி, பிள்ளைக்கு வயிற்றுவலி இருக்கிறதா? பயந்தாளா? எப்போது பள்ளிக்கு அனுப்புகிறாய்?

பாண்டியம்மாள்: பயப்படவே இல்லை மதினி. அவள் டீச்சர் முன்னாடியே சொல்லிவைத்திருக்கிறார்கள். பள்ளிக்கு 16 கழியட்டும் என்கிறார்கள் அத்தை.

ராஜேஸ்வரி: 16 நாளா? காலாண்டுத் தேர்வு வருகிறது.

தவமணி: எட்டாவது வரை பெயில் கிடையாது ராஜி. விடு.

ராஜேஸ்வரி: பெயில் ஆகாமல் இருக்கத்தான் பள்ளிக்கூடமா அண்ணே? ஆறு, ஏழு, எட்டு, இந்த மூன்று வருஷத்தில் பிள்ளை கையைவிட்டுப் போனால் பிறகு பிடிக்க முடியாது. அஞ்சாவது வரை பள்ளியிலேயே காலைச் சாப்பாடு. ஆறாவதுக்கு ஏறியதும் அது நின்றுபோகிறது. உடம்பு வளர ஆரம்பிப்பதே அப்போதுதான். எங்கள் நடுநிலைப் பள்ளியில் தம்பி பொங்கல் சாப்பிட, அக்கா பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் பிரேயரில் மயங்குவாள். அதனால் வாராவாரம் கொடுக்கிற சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுப்பேன். சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ், இவர்களுக்கு நீலம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். பிறகு மாத்திரை பாத்ரூம் ஜன்னல் வழியாகப் போகும். இன்னொன்று. வளரிளம் பருவம் பற்றிய அறிவியல் பாடம் எட்டாவதில்தான் வருகிறது. பிள்ளைகள் ஆறிலும் ஏழிலுமே வயதுக்கு வந்துவிடுகிறார்கள். பாடம் வரட்டும் என்று காத்திருக்க முடியுமா? ஆறாவதிலேயே உட்காரவைத்துப் பேசிவிடுவேன். அரசாங்கம் கொடுக்கும் நாப்கின் பீரோவில் இருக்கும், சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். வாய் திறந்து கேட்கவே வேண்டாம். பையன்களுக்கும் தனியாகப் பேச்சு உண்டு. குரல் உடைந்த ஒருத்தன் ‘உள்ளேன் டீச்சர்’ சொல்லக் கூச்சப்பட்டே பள்ளிக்கு வராமல் நின்றான். இப்போது அந்த வகுப்பில் கையைத் தூக்கினால் போதும்.

செல்லத்தாயி: மூச்சு விடுங்கள் மதினி.

முத்து: முழுசாகப் படித்தவர் யார்?

கார்த்தி: நான். பாப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

தவமணி: ராஜி, நாப்கின் அது இது எல்லாம் குரூப்பில் போடணுமா? ஆம்பளைகள் இருக்கிறோம்.

ராஜேஸ்வரி: பத்திரிகை அடித்து ஊருக்கே சொல்லப்போகிறோம். மைக் செட் வேறு. அதற்கு வராத கூச்சம் இதற்கு மட்டும் வருகிறதா?

முத்து: 😂

சோலை: மைக் செட் சொல்லியாச்சு. பேனரும் சொல்லியாச்சு. 20 அடி. தேனு போட்டோ யாராவது அனுப்புங்கள்.

கார்த்தி: மாமா, பாப்பா பேனரே வேண்டாம் என்கிறாள். அவள் வகுப்புப் பையன்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள். டீச்சர் வைத்த பேச்சுக்குப் பிறகு இப்போதுதான் கிண்டல் குறைந்திருக்கிறதாம்.

சோலை: பிள்ளை போட்டோ இல்லாமல் என்ன பேனர் மாப்பிள்ளை?

செல்லத்தாயி: உங்கள் போட்டோவைத்தான் பெரிதாகப் போடுவீர்கள். அது போதும்.

முத்து: சித்தி, தேனுவை ஆறாவதிலேயே மெட்ரிக்குக்கு மாற்றியிருக்கலாம். இங்கே திருப்பூரில் என் மகனுக்கு ஸ்கேட்டிங் எல்லாம் உண்டு.

ராஜேஸ்வரி: ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் டாக்டர் சீட்டில் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும் முத்து. நடுவில் மாற்றினால் போச்சு. ஸ்கேட்டிங்குக்கு ஒதுக்கீடு இல்லை.

முத்து: சரி அத்தை.

ராஜேஸ்வரி: பாண்டி, இதையும் கேள். அடுத்த வருஷம் எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். ஏழாவதில் 55 சதவீதம் எடுத்திருக்கணும். தேறினால் ஒன்பதாவதிலிருந்து வருஷத்துக்கு 12,000 ரூபாய், நாலு வருஷம். இப்போது விடுகிற பாடம் அங்கே இடிக்கும்.

பாண்டியம்மாள்: டீச்சரும் இதையேதான் சொன்னார்கள். அத்தையிடம் யார் சொல்வது?

தவமணி: அம்மா மனசு நோகக் கூடாது. தீட்டு கழியாமல் அனுப்ப மாட்டார்கள்.

ராஜேஸ்வரி: என் சடங்குக்குப் பிறகு அரைப்பரீட்சை எழுத விடாமல் வைத்தீர்களே, அப்போது என் மனசு?

தவமணி: அது அப்பா எடுத்த முடிவு.

ராஜேஸ்வரி: சைக்கிளைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டது நீங்கள்.

செல்லத்தாயி: சாப்பாடு கறியா சைவமா?

முத்து: கறி.

சோலை: கறி. இரண்டு கிடா நான் தருகிறேன். அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பாண்டியம்மாள்: மதினி, இப்படிச் செய்யலாமா? ஒன்பதாம் நாள் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறேன். விசேஷத்தைப் பரீட்சைக்கு முந்தின ஞாயிறு வைத்துக்கொள்ளலாம்.

ராஜேஸ்வரி: ஒன்பதே அதிகம். சரி. அதுவரை நோட்டை யாராவது கொண்டுவந்து கொடுக்கட்டும்.

கார்த்தி: கவிதா தினமும் கொண்டுவருகிறேன் என்றாள். குச்சுக்குள் வரலாமா என்று கேட்கிறாள்.

பாண்டியம்மாள்: வாசலோடு கொடுக்கச் சொல்.

ராஜேஸ்வரி: ஏன்? உள்ளே போய் உட்கார்ந்து படிக்கட்டும்.

தவமணி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

முத்து: என்ன போட்டீர்கள் பெரியப்பா?

ராஜேஸ்வரி: அம்மாவுக்கு மூன்று தரம் போன் போட்டேன். எடுக்கவில்லை.

கார்த்தி: எடுக்காது அத்தை. போனைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறது அப்பத்தா.

சோலை: எந்த ஞாயிறு என்று முடிவாகச் சொல்லுங்கள். பந்தல்காரர் லைனில் இருக்கிறார்.

முத்து: கடைசி ஞாயிறு என்றால் எனக்கு கம்பெனியில் ஷிப்மென்ட்.

செல்லத்தாயி: நீ வராவிட்டாலும் மொய் வந்துவிட வேண்டும்.

பாண்டியம்மாள்: அத்தை குளித்துவிட்டு வரட்டும். கேட்டுச் சொல்கிறேன். சோலை, பேனரை மட்டும் நிறுத்திவை.

சோலை: பிரிண்டுக்குப் போய்விட்டது அக்கா.