புதுப்பிப்பு: உச்சிப்புளி அருகே சீமை அத்தித் தோட்டத்தைப் பார்த்து வந்தேன்

கொல்லை மணலில் நான் வைத்த 2 வயதுச் சீமை அத்திக் கன்று பிஞ்சுகளை உதிர்த்துவிடுகிறது என்றும், உப்புக்காற்றோ மகரந்தச் சேர்க்கைக் குறையோ காரணமாக இருக்கலாம் என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்கு அருகில் நன்கு முற்றிய மரங்கள் நிற்கும் தோட்டம் ஒன்றை நேற்று நேரில் பார்த்த பிறகு, இரண்டுமே தவறான ஊகம் என்று தெரிந்துகொண்டேன். நம் ஊர்ப்பக்கம் வளர்க்கும் புனே அத்தி என்ற சீமை அத்தி வகை, மகரந்தம் சுமந்து வரும் குளவியின் உதவியின்றியே காய்க்கும். உப்பையும் ஓரளவு தாங்கும். வேர்ப்பகுதி ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் ஊறியும் தவிப்பதைத்தான் அது தாங்குவதில்லை.

தோட்டத்துப் பெரியவர் என்னைக் குனியச் சொல்லி, தூரைச் சுற்றிக் கனமாகப் பரப்பியிருந்த பனையோலைச் சருகை விலக்கிக் காட்டினார். பாத்திக்கு வெளியே மணல் காலைச் சுட்டுக்கொண்டிருக்க, சருகின் அடியில் விரலில் ஈரம் ஒட்டியது. "தம்பி, முதல்ல மண்ணைப் பாருங்க, அப்புறம் மரத்தைப் பாருங்க" என்றார்.

புதுக் கிளைகளில்தான் காய் நன்றாகப் பிடிக்கும் என்பதால் ஆண்டுதோறும் பழைய கிளைகளை வெட்டிக் கவாத்து செய்கிறார். பறித்த பின் அத்தி சரியாகப் பழுக்காது. ஆகவே கழுத்து தளர்ந்து தலை தொங்கிய பழத்தையே பறித்துத் தந்தார். காம்பில் பால் கசியவில்லை, உள்ளே தேன்போல் இனிப்பு. அப்படியொரு பழத்தை இதுவரை நான் கடையில் வாங்கியதே இல்லை.

இன்று காலை என் கன்றின் தூரைச் சுற்றியும் அதேபோல் சருகு மூடாக்கு போட்டுவிட்டேன்.