மாஸ்டருக்குப் பகலில் என்ன வேலை?

சிங்காநல்லூரிலிருந்து

கராத்தே, ஜூடோ, ஐகிடோ போன்ற ஜப்பானியக் கலைகளை நம் பக்கத்தில் கற்றுக்கொண்டவர்கள் தங்கள் மாஸ்டர் எத்தனை டான் (பிளாக் பெல்ட்டின் படிநிலை) வாங்கியவர் என்பதைத் தவறாமல் சொல்வார்கள். அவர் வகுப்புக்கு வருவதற்கு முன்னால் எங்கே இருந்தார், எந்த வேலையை முடித்துவிட்டு வந்தார் என்று சொல்பவர்கள் குறைவு. அதைப் பற்றி நேரில் கண்டதை மட்டும் இங்கே எழுதுமாறு கேட்டுக்கொண்டு, என் அனுபவத்தை முதலில் வைக்கிறேன்.

எனக்கு ஷோட்டோகான் என்ற கராத்தே முறையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் சைடராக, அதாவது நூற்பு மிஷின்களைக் கவனிப்பவராக, இருந்தவர். வகுப்பின் நேரம் அவருடைய ஷிப்டைப் பொறுத்து வாரந்தோறும் மாறும். அரை நைட் வாரத்தில் விடியற்காலை ஐந்தரைக்கும், பகல் ஷிப்ட் வாரத்தில் மாலை ஆறு மணிக்கும் நாங்கள் மண்டபத்துக்குப் போவோம். முழு நைட் வாரத்தில் அவர் ஆலையிலிருந்து நேராக வந்து நிற்கும்போது புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அதைத் தட்டிவிடாமலேயே வணக்கம் வைத்து வகுப்பைத் தொடங்கிவிடுவார். வெள்ளை உடையில் அந்தப் பஞ்சு தெரியாது என்பதுதான் எங்களுக்கு வேடிக்கை.

டெக்கி என்ற கட்டாவை (வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர்) கற்றுக்கொடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்றக் கட்டாக்களில் முன்னும் பின்னும் திரும்பி நடக்க வேண்டியிருக்கும். டெக்கியிலோ குதிரைமேல் அமர்ந்தவனைப் போல் முழங்காலை மடித்து நின்று, ஒரே நேர்கோட்டில் பக்கவாட்டிலேயே போய்வர வேண்டும். அது எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. அவர் சாப்பாட்டுக் கூடத்தின் தரையில் சாக்பீஸால் இரண்டு நீளக் கோடுகளை இழுத்து, "இது ரெண்டு மிஷினுக்கு நடுவுல இருக்கிற சந்துன்னு நெனச்சுக்குங்க. முதுகு அந்த மிஷின்ல படக் கூடாது, கை இந்த மிஷின்ல மாட்டக் கூடாது, ஆனா கண்ணு ரெண்டு பக்கமும் போகோணும்" என்றார். அறுந்த நூலைத் தேடிக்கொண்டு ஷிப்ட் முழுவதும் அந்தச் சந்தில் நடந்தவருக்கு டெக்கி எதற்காக ஒரே கோட்டில் போகிறது என்று யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை. பிற்காலத்தில் பெரிய பெரிய பயிற்சி முகாம்களுக்குப் போனேன். அந்தக் கட்டாவுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

திருப்பூரிலிருந்து

எங்கள் மாஸ்டர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆகவே பகலிலும் மாஸ்டர், இரவிலும் மாஸ்டர். வீட்டில் அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவார். கடையில் விற்கும் கராத்தே உடையை வாங்க முடியாத பிள்ளைகளுக்கு அவரே ஈரோட்டுச் சந்தையில் கனத்த வெள்ளைத் துணி எடுத்து வெட்டி, தெரிந்த பவர் டேபிளில் (மோட்டார் தையல் மிஷின் போட்ட இடம்) கொடுத்துத் தைத்து வாங்குவார். அக்குள் பகுதியில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைக்காவிட்டால் கையை உயர்த்திக் குத்தும்போது சட்டை மேலே ஏறிவிடும் என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான், என் பையனின் விலையுயர்ந்த உடை ஏன் எப்போதும் இடுப்பைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது என்று விளங்கியது.

ஈரோட்டிலிருந்து

எங்கள் ஊருக்கு ஒருமுறை ஜப்பானிலிருந்தே ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். மண்டபத்தின் வாசலில் ஆளுயரப் பேனர், அதில் 'கிராண்ட் மாஸ்டர்' என்ற பட்டம், மேடையில் மாலை, பொன்னாடை எல்லாம் இருந்தன. வரவேற்றுப் பேசியவர், கராத்தே காஞ்சிபுரத்துப் போதிதர்மரின் கையிலிருந்து போனது என்று வழக்கம்போல ஒரு போடு போட்டார். விருந்தினரோ மரியாதையாகத் தலையை மட்டும் அசைத்தார். (ஒக்கினாவாவில் அந்தக் கலையின் பெயரில் சீனாவைக் குறிக்கும் எழுத்து இருந்ததையும், அதற்குப் பதிலாக 'வெறுமை' என்று பொருள்படும் எழுத்தை வைப்பதென்று 1936இல் நாஹா நகரில் கூடிய ஆசிரியர்கள் முடிவெடுத்ததையும் சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் பொன்னாடை மேடையில் அதை யார் கேட்பார்கள்?)

கேள்வி நேரத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, அவருக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டான். அமைப்பாளர்கள் நெளிந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, தம் ஊர் நகராட்சியில் தண்ணீர் விநியோகப் பிரிவில் 38 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றதாகவும், பயிற்சியெல்லாம் எப்போதும் மாலையில்தான் என்றும் சொன்னார். மொழிபெயர்ப்பைக் கேட்டதும் கூட்டத்தில் காற்றுப் போன பந்தைப்போல ஒரு தளர்ச்சி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "ஏனுங்க, குடிதண்ணி ஆபீசா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

அந்த ஏமாற்றம் எனக்கு ஏற்படாததற்குக் காரணம், இந்தக் கலைகளைத் தோற்றுவித்தவர்களின் வாழ்க்கையைக் கொஞ்சம் படித்திருந்ததுதான். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவுள்ள இடத்தில் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வேறு பிழைப்பு இருந்தது. பள்ளியில் பாடம் நடத்தினார், பின்னாளில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் முதல்வராகவே ஆண்டுக்கணக்கில் இருந்தார். ஷிட்டோ ரியூ என்ற கராத்தே முறையின் கென்வா மாபுனி போலீஸ்காரர். வாடோ ரியூ என்ற இன்னொரு கராத்தே முறையை அமைத்த ஹிரோனோரி ஓட்சுகா வங்கியில் எழுத்தராக இருந்து, பிறகு எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியம் செய்தவர். நம் ஊரில் முறிவு வைத்தியரிடம் போய் வந்தவர்களுக்கு, மூட்டை வளைப்பவனுக்கும் மூட்டைச் சரி செய்பவனுக்கும் தேவைப்படுவது ஒரே அறிவுதான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐகிடோவின் மொரிஹெய் உயேஷிபா 1912இல் ஹொக்கைடோவின் பனிக்காட்டில் குடியேறி நிலம் திருத்தியவர்.

இவர்களில் ஃபுனகோஷி கிச்சினின் கதைதான் என் மனதில் நிற்கிறது. ஒக்கினாவாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, 1922இல் ஒரு செயல்விளக்கத்துக்காக டோக்கியோவுக்கு வந்து அங்கேயே தங்கியபோது அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. கையில் பணமில்லை. ஒக்கினாவா மாணவர்களின் விடுதி ஒன்றில் பகலில் காவல் காத்து, அறைகளைப் பெருக்கி, தோட்ட வேலை பார்த்து, இரவில் கராத்தே கற்றுக்கொடுத்தார். இன்றைக்கு உலகம் முழுவதும், நம் சிங்காநல்லூர் நண்பர் உட்பட, ஷோட்டோகான் பயில்பவர்கள் எல்லோரும் அந்தக் காவல்காரருடைய மாணவர்களின் மாணவர்கள்தான். இதை அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து

நான் எழுதப்போவது சற்றுச் சங்கடமானது. ஆகையால் ஊரையும் ஆளையும் அடையாளம் காட்டாமல் எழுதுகிறேன். நான் நகோயாவில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன். திரும்பி வந்து என் மகனை ஒரு வகுப்பில் சேர்த்தேன். மாஸ்டர் ஐந்தாம் டான் என்று பலகையில் எழுதியிருந்தது. சுவரில் சிவப்பு முத்திரையுடன் ஜப்பானிய எழுத்தில் பெரிய சான்றிதழ் ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. அதில் டான் என்ற எழுத்தே இல்லை. இரண்டு நாள் பயிற்சி முகாமில் இவர் பங்கேற்றார் என்று மட்டுமே இருந்தது.

அதைவிட என்னைக் குழப்பியது அவருடைய கம்பு. ஒக்கினாவா முறையில் ஆறடிக் கம்பை வைத்துச் செய்யும் கட்டாக்களில் குத்தும் வெட்டும் தடுப்பும்தான் அதிகம். கம்பு கைக்குள் வழுக்கிப் போகும், சக்கரமாய்ச் சுற்றிக்கொண்டிருக்காது. இவருடைய கம்போ சுற்றச் சுற்றக் கண்ணுக்கே தெரியாமல் போனது. தொடங்கும்போது இடுப்பை வளைத்து வணங்குவதற்குப் பதிலாகக் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அது சிலம்பத்தின் சலாம் வரிசை என்று எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது.

ஒரு நாள் எல்லோரும் போன பிறகு தனியாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய அப்புச்சி (அம்மாவின் அப்பா) சுற்றுவட்டாரத்தில் பெயர் வாங்கிய கம்பு வாத்தியார் என்றும், களத்தில் ஏழு வயதில் காலடி போடத் தொடங்கியதாகவும் சொன்னார். "தம்பி, கம்பு வாத்தியார்னு போர்டு வெச்சேனுங்க. ஒரு வருசத்துல நாலு பசங்க வந்தாங்க. ஜப்பான்னு மாத்தினேன், நாப்பது பேரு வந்தாங்க. நீங்களே அதைப் பார்த்துத்தானுங்க வந்தீங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இருந்தாலும், பொய்யைப் பொய் என்றுதான் சொல்ல வேண்டும். பெல்ட் டெஸ்டுக்கென்று பெற்றோர்கள் கட்டும் பணம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும் அந்தச் சான்றிதழை நம்பிக் கட்டுவது. மகனைக் கராத்தே வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய தோட்டத்துக் களத்துக்குக் கம்பு கற்கமட்டும் அனுப்புகிறேன். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார். நான் தேங்காயோ மாங்காயோ கொடுத்துவிட்டு வருகிறேன். சான்றிதழ் இன்னும் அதே சுவரில்தான் இருக்கிறது.

கோபியிலிருந்து

மேலே எழுதிய நான்கு பேரும் ஆண்கள், அவர்களுடைய ஆசிரியர்களும் ஆண்கள். அரசுப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புக்காக மூன்று மாதம் கராத்தே சொல்லிக்கொடுப்பார்களே, அப்படி எங்கள் பள்ளிக்கு வந்தவர் ஓர் அக்கா. கல்லூரி நாளில் கபடி ஆடியவர். திருமணத்தோடு அது நின்றுபோய், முப்பத்து நான்கு வயதில், மகளைக் கராத்தே வகுப்பில் கொண்டுபோய் விட்டுக் காத்திருந்த நேரத்தில் தானும் சேர்ந்துகொண்டவர். மகளும் தாயும் ஒரே நாளில் பிளாக் பெல்ட் வாங்கினார்களாம்.

கராத்தேயில் குத்தோடு சேர்த்து வயிற்றிலிருந்து கத்த வேண்டும் அல்லவா? எங்களுக்கு அதுதான் வரவில்லை. மைதானத்துக்கு வெளியே பேருந்து நிறுத்தம். ஆட்கள் பார்ப்பார்கள் என்ற கூச்சம். அக்கா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கராத்தேயை விட்டுவிட்டு, தரையில் ஒரு கோட்டைப் போட்டு, ஒவ்வொருத்தியும் மூச்சு விடாமல் கபடி பாடிக்கொண்டே அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்வர வேண்டும் என்றார். கபடிக்கு யாரும் கூச்சப்படவில்லை. அப்படியே பாடிக்கொண்டு வரும்போது மூச்சு முடியும் இடத்தில் "இப்பக் குத்து அம்மிணி!" என்று அவர் சொன்னதும், எங்களை அறியாமலேயே சத்தம் வெளியே வந்துவிட்டது.

இப்போது என் தங்கை அதே பள்ளியில் படிக்கிறாள். அங்கே கராத்தே எடுக்க வருவது அந்த அக்காவின் மகள். அவரும் முதல் நாள் கோடு போட்டுக் கபடிதான் பாடச் சொன்னாராம்.