காசில் வாக் ஆடத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. 1914 நியூயார்க்கில் நடக்கும் ஒரு நாடகத்துக்கு நடனக் காட்சி அமைக்கிறேன். அந்தக் காலத்து நடன ஜோடியான வெர்னன், ஐரீன் காசில் தம்பதி பிரபலமாக்கிய 'காசில் வாக்' என்ற ஜோடி நடனம்தான் வேண்டும். அப்போதைய மற்ற நடனங்களான டர்க்கி டிராட், கிரிஸ்லி பேர் எல்லாம் தோளை ஆட்டிக் குதிக்கிற ரகம்; இவர்களுடையது நாசூக்கு. தாளம் விழும்போது உடம்பு கீழே இறங்கக் கூடாது, முழங்காலை விறைப்பாக வைத்து நுனிக்காலில் மேலே எழ வேண்டும். நேராக நடந்தால் சரியாக வருகிறது, வளைந்து திரும்பினால் ஜோடி தடுமாறுகிறது. யாராவது ஆடிக் காட்டி ஒரு சின்ன வீடியோ போட முடியுமா?

அப்புறம், இசைக்கு ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்பவரின் இசைக்குழு 1914இல் விக்டர் கம்பெனிக்குப் பதிவு செய்த இசைத்தட்டுகளை எடுத்திருக்கிறேன். அந்த வேகம் இருக்கிறதே, அம்மாடி! ராக்டைம் (அந்தக் காலத்து அமெரிக்கத் துள்ளல் இசை) பியானோ வாசிப்பவர்கள் ஒத்திகைக்கு மட்டும் மெதுவாக வாசித்துத் தந்தால் பெரிய உதவி. இடது கை தாளம் சீராக இருந்தால் போதும்.