இசட்-ஷெல் அணிகளில் பூஜ்ஜியக் குறியீடு: மாற்றியது சரியா?

கேள்வி (காத்ர் போர்ன், மொரீஷியஸ்): தைப்பூசக் காவடி எடுப்போரின் பட்டியலை அச்சிட பாஷ் என்னும் ஷெல்லுக்காக (கட்டளைகளை வாசித்து இயக்கும் மென்பொருளுக்காக) எழுதிய நிரலை, 2019-இல் வந்த மேக் இயங்குதளப் பதிப்பான கேட்டலினாவின் இயல்பு ஷெல்லான இசட்-ஷெல்லில் ஓட்டியபோது, முதல் வரி வெறுமையாக வந்து, கடைசிப் பெயர் விடுபட்டது. இசட்-ஷெல்லின் பழைய பதிப்புகளில், அணியில் (வரிசையாக அடுக்கிய மதிப்புகளில்) பூஜ்ஜியம் என்னும் இட எண்ணும் முதல் உறுப்பையே தந்ததாம், ஏன் மாற்றினார்கள்?

பதில் 1: ஐயா, மாற்றம் சரியே. பாஷில் உறுப்புகளின் எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்கும், இசட்-ஷெல்லிலோ ஒன்றில் தொடங்குகிறது. பூஜ்ஜியமும் ஒன்றும் ஒரே உறுப்பைக் குறித்தால், தங்கள் பட்டியலில் முதல் பெயர் இருமுறை அச்சாகியிருக்கும், அதை யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள்.

பதில் 2: எனக்கு உடன்பாடில்லை. பூஜ்ஜியத்தில் மதிப்பை எழுத முயன்றால் பிழை காட்டும் ஷெல், படிக்கும்போது மட்டும் ஏன் மௌனமாக வெற்றுச் சரத்தை (எழுத்தே இல்லாத மதிப்பை) தர வேண்டும்? பழைய நடத்தைக்கு கேஎஸ்எச்_ஜீரோ_சப்ஸ்கிரிப்ட், பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதற்கு கேஎஸ்எச்_அரேஸ் என்னும் விருப்பங்கள் உள்ளன. தங்களுக்கு, கோப்பின் முதல் வரியில் பாஷைக் குறிப்பிட்டு அதை நேரடியாக இயக்குவதே போதும்.

கேட்டவர்: அவ்வாறே செய்தேன், பெயர்கள் முழுமையாக வந்துவிட்டன. மிக்க நன்றி.