நிபோங் திபால் பக்கம் ‘பெரிய கங்காணி ரோடு’: அந்தக் கங்காணி யார்?

செந்தூல்வாசி
வணக்கம். அம்மாவின் குடும்பம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறை தெற்கில், நிபோங் திபால் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் மூன்று தலைமுறை இருந்தது. லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, கோயிலைத் தாண்டி ஆற்றங்கரை வரை போகும் செம்மண் பாதைக்கு அங்கே ‘பெரிய கங்காணி ரோடு’ என்றுதான் பேர். தோட்டத்துக்கு ஆள் கூட்டிவந்து வேலை வாங்கிய அந்தக் கங்காணி என் கொள்ளுத்தாத்தா, அதாவது அம்மாவின் தாத்தா என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். இப்போது பக்கத்தில் தாமான் (புதுக் குடியிருப்பு) வந்து, பாதைக்குத் தார் போட்டு, வேறு பெயரில் பலகையும் நட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு வயதாகிறது, அவர் இருக்கும்போதே இதை எழுதி வைத்துவிட வேண்டும். வாய்மொழியைத் தவிர வேறு ஆதாரம் எங்கே தேடலாம்?

பால்மரத்துப் பிள்ளை
தம்பி, முதலில் காலத்தைப் பிடியுங்கள். ஒரே தோட்டத்தில் ஒருவருக்குப் பின் ஒருவராகப் பல பெரிய கங்காணிகள் இருந்திருப்பார்கள். உங்கள் பக்கம் ரப்பருக்கு முன்னால் முழுக்கக் கரும்புக்காடு. எட்வர்ட் ஹார்ஸ்மன் என்ற ஆங்கிலேய அரசியல்வாதியின் கரும்புத் தோட்டங்கள் அங்கே இருந்தன, 1876இல் அவர் இறந்த பிறகு மனைவியின் சகோதரர் சர் ஜான் ராம்ஸ்டன் குடும்பத்தின் கைக்குப் போனது. கலிடோனியா தோட்டத்தில் பாழடைந்து நிற்கிறதே 99 கதவு பங்களா, அது அந்தக் குடும்பத்துடையது, 1948இல் அந்த வம்சத்து ஜான் ராம்ஸ்டனைச் சுட்டுக் கொன்றதும் அங்கேதான். துரை வீட்டுக் கதை இவ்வளவு தெரிகிறது, நம் ஆட்கள் கதையைக் கேட்டால் ஒரு தாள்கூட எடுத்துக் காட்ட ஆள் இல்லை. எனக்கு இதில் தீராத வருத்தம்.

கரும்பு நாளில் நம்மவர்கள் வந்தது ஒப்பந்தக் கூலியாக. 1910இல் அந்த முறை நின்றது, அதன் பிறகு ஆள் வந்ததெல்லாம் பெரும்பாலும் கங்காணி மூலம்தான், கங்காணியே சொந்த ஊருக்குப் போய்ச் சொந்தபந்தத்தைக் கூட்டி வருவார். 1938இல் இந்திய அரசாங்கம் அதையும் நிறுத்தியது. ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தா எந்த வருஷம் வந்தார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தோட்டத்து உள்பாதை கம்பெனி நிலம், நில அலுவலகத்தில் அந்தப் பேர் பதிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கோயிலுக்குப் போங்கள். மணி, குத்துவிளக்கு, வாசல்படிக் கல் எல்லாவற்றிலும் உபயம் செய்தவர் பேர் வெட்டியிருப்பார்கள், வருஷத்தோடு.

பழைய காகிதம்
பெரியவர் சொன்னது சரி. அதோடு பாட்டியின் பிறப்புப் பத்திரத்தையும் தேடுங்கள், பிறந்த தோட்டத்தின் பேர் கிடைத்தால் கைக்கு ஒரு நூல் சிக்கியது. அப்புறம் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகம். ஜாலான் டூத்தாவில் இருக்கிறது என்று நாம் சொல்வோம், அந்த ரோட்டுக்கும் இப்போது ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம் என்று பேர். நீங்கள் இருப்பதே செந்தூல், அதனால் ஒரு நாள் லீவு போட்டுப் போய்வந்துவிடலாம்.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத்தில் பழைய பத்திரிகைகளை இலவசமாகத் தேடலாம். 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் உண்டு. பேரை ஒரே மாதிரி போட்டுத் தேடாதீர்கள், வெள்ளைக்காரக் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரு ‘சாமி’க்கே நான்கைந்து எழுத்துக்கூட்டல் இருக்கும்.

லயத்து வீட்டு மகள்
ஒன்று சொல்ல வேண்டும், தம்பி தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அவர் கூட்டிவந்த ஆள் ஒரு நாள் வேலைக்கு இறங்கினால் அவருக்குக் காசு, படுத்துவிட்டால் இல்லை. காய்ச்சலோடு பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, இழுத்து நிறுத்திய கங்காணிகளைப் பற்றி என் பாட்டி அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். சாவு, கல்யாணம் என்றால் முன்னால் நின்று செலவு பார்த்தவர்களும் இருந்தார்கள், அதையும் சொல்லியிருக்கிறார். உங்கள் கொள்ளுத்தாத்தா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாதையை வெட்டி மண் கொட்டியவர்கள் அவர் கூட்டிவந்த ஆட்கள். எழுதுகிறீர்கள் என்றால் அவர்களையும் எழுதுங்கள். எந்த ஊர், யார் யார் ஒன்றாகக் கப்பலேறினார்கள், ஜப்பான்காரன் காலத்தில் சயாம்-பர்மா ரயில் பாதை போட அந்த லயத்திலிருந்து யாரைப் பிடித்துப் போனார்கள், யார் திரும்பவில்லை. இதையெல்லாம் அம்மாவிடம் இப்போதே கேளுங்கள்.

செந்தூல்வாசி
அக்கா, தப்பாக எடுக்கவே இல்லை. நேற்று ராத்திரி அம்மாவிடம் நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். ரோட்டைப் பற்றிக் கேட்டால் இரண்டு வரியில் முடிக்கிறவர், லயத்தில் யார் எந்த வீடு என்று கேட்டதும் கடைசி வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கொள்ளுத்தாத்தா நாமக்கல் பக்கத்து ஆளாம், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியிருக்கிறார். சயாமுக்குப் போனவர்களில் அவருடைய சொந்தத் தம்பியும் ஒருவர். இது வீட்டில் இதுவரை யாரும் என்னிடம் சொல்லாதது. எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்.

ஐயா, அடுத்த வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறேன். மணியில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து இங்கே போடுகிறேன். டிரான்ஸ்கிரியன், பைராம், விக்டோரியா பக்கத்துப் பழைய ஆட்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் தோட்டத்திலும் இதே பேரில் ரோடு இருந்ததா என்று எழுதுங்கள்.