காட்டாற்றுக்குக் குறுக்கே: அணையா, படியா?

வணக்கம்.

மலையோடையின் தரையை வெள்ளம் தோண்டாதிருக்கக் குறுக்கே தரைமட்டத்தோடு பதிக்கும் சுவருக்குத் 'தடுப்பணை' என்ற பெயரே போதும் என்கிறீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. தடுப்பணை என்றதும் நம்மவர் நினைப்பது தேங்கிய தண்ணீரையும் சுற்றுக் கிணறுகளில் ஏறும் மட்டத்தையும். இந்தச் சுவர் ஒரு குடம் நீரையும் தேக்காது. கட்டிய புதிதில் கண்ணுக்கே தெரியாது.

கணக்கு எளிது. 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் ஓடை; அங்குள்ள கல்லும் வெள்ளமும் சமன்பட்டு அரிப்பு நிற்கும் சரிவு அதே 100 மீட்டருக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 3 மீட்டரைப் படிகளாக உடைக்க வேண்டும். படிக்கு 1.5 மீட்டர் வீழ்ச்சி என்றால் 50 மீட்டருக்கு ஒரு சுவர். வெள்ளம் இடைத்தரையை அரித்துப் புதிய சரிவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சுவரின் கீழ்முகம் வெளிப்படும். விழும் நீர் அதன் காலடியில் குழியும் பறிக்கும். குழி 2 மீட்டர் என்று மதிப்பிட்டால், சுவர் மேல்விளிம்பிலிருந்து 3.5 மீட்டருக்கும் கீழே இறங்கியாக வேண்டும். 'அணை' என்று நினைப்பவர் உயரத்தைத்தான் பார்ப்பார்; இங்கே காப்பது ஆழம்.

என் பரிந்துரை 'நிலைப்படி'. ஜெர்மானியர் இதை ஷ்வெல்லே என்கிறார்கள். வீட்டு வாசற்படிக்கும் அதே சொல். ஆங்கிலத்தின் 'சில்'லும் அப்படியே. 'படுகைப்படி'யையும் யோசித்தேன். காவிரிப் படுகை என்று வடிநிலம் முழுவதையும் சொல்லிப் பழகிவிட்டதால் விட்டேன். 1882 வெள்ளங்களுக்குப் பின், 1884இல் ஆஸ்திரியா இந்த வேலைக்கென்றே தனித்துறை கண்டது. அதன் பெயரிலுள்ள 'வில்ட்பாக்'குக்கு நாம் புதுச்சொல் தேடவே வேண்டாம், காட்டாறு இருக்கிறது.

* * *

ஐயா, வணக்கம்.

நிலைப்படி பிடித்திருக்கிறது. ஆனால் தச்சரிடமும் கொத்தனாரிடமும் சொன்னால் கதவு நிலையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். வரைபடத்தில் 'ஓடை நிலைப்படி' என்றே எழுதலாம். தரைக்கு மேல் எழுப்பி, பின்னால் கல்மண் நிரம்பவிட்டுச் சரிவைத் தணிப்பது வேறு கட்டுமானம். அதற்குப் 'படியணை' தகும். மலையோடைகளில் கல்மண்ணைத் தடுக்கும் வேலைக்கு ஜப்பானியர் சொல்லும் 'சாபோ' நேர்ப்பொருளில் மணல்தடுப்பு. அவ்வேலையில் எழுப்பும் பெரிய தடுப்புகளுக்குச் சிலர் 'வண்டல் அணை' என்று எழுதுவது பொருந்தவில்லை. வண்டியளவு பாறை உருண்டு வருவதை வண்டல் என்பதா!

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். மேல்விளிம்பு நடுவில் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் நீர் கரையோரம் ஒதுங்கிச் சுவரின் முனையைச் சுற்றி வழி பறித்துக்கொள்ளும், சுவர் மட்டும் நடுவில் தனியே நிற்கும். அந்தத் தாழ்வை 'நீர்வாய்' எனலாம். கரைக்குள் புதையும் இரு முனைகளும் 'சிறகு'. கம்பிக்கூடையில் கல் நிரப்பிக் கட்டுவது மலிவுதான். உருளும் பாறை கம்பியை அறுத்துவிட்டால் கூடை வெறும் கற்குவியல்.

ஓடையில் எல்லாப் படிகளுக்கும் கீழே உள்ளதற்குத் தனிப்பெயர் அவசியம்: 'கடைப்படி'. அது பாறைமேல் அமர வேண்டும். பாறை கிடைக்காவிட்டால், அதற்கும் கீழே தாழ்வாக ஒரு துணைப்படி. கட்டுவதும் கீழிருந்து மேலே. கடைப்படி சாய்ந்தால் அரிப்பு மேல்நோக்கி ஏறி, அடுத்தடுத்த படிகளின் அடியைப் பறித்துக்கொண்டே போகும்.

அப்படி மேலேறும் அரிப்புக்கு வினைத்தொகையாக 'ஏறரிப்பு' என்றால் ஒலி இடறுகிறதா?